அல்போன்சம்மா மாற்றிக் கொடுத்த குளிசை

சுருவில் ஊரில் மீன் வாங்கிச் சமைத்த எந்த வீட்டுக்காரியைக் கேட்டாலும், அல்போன்சம்மாவின் வாயைப் பற்றித்தான் முதலில் சொல்லுவாள். ஊர்காவற்றுறைக் கரையிலிருந்து கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் வெளிக்கிட்டால், ஆள் வருமுன் குரல் வந்து சேர்ந்துவிடும். விளைமீனுக்கு யாராவது விலை குறைத்துக் கேட்டுவிட்டால் போதும். "உங்களுக்கு மீன் வேண்டாமக்கா, கேணியில தவளை கத்துது, பிடிச்சுக் குழம்பு வையுங்கோ" என்று நாலு வீட்டுக்குக் கேட்கச் சொல்லுவாள். சொல்லிவிட்டு, போகும்போது ஒரு கை சூடைமீனைச் சும்மா போட்டுவிட்டும் போவாள். வாய்தான் அப்படி, மனிசி தங்கம் என்று ஊரில் பேர்.

அப்பேர்ப்பட்ட வாய், பேசியே ஆகவேண்டிய ஓர் இடத்தில் பேசாமல் இருந்துவிட்டது. ஒரேயொரு சொல். அதைச் சொல்லியிருந்தால் ஒரு பிள்ளை இன்றைக்கு நிமிர்ந்து நடந்திருக்கும். அதற்குப் பிறகு அவள் எத்தனை ஆயிரம் சொல் பேசினாள், எத்தனை சண்டை பிடித்தாள், என்ன பிரயோசனம்?

அவளுக்கு ஒரே பிள்ளை, ஜசிந்தா. கலியாணம் முடித்துக் கனகாலம் பிள்ளையில்லாமல் இருந்து, மடுமாதாவுக்கு நேர்த்தி வைத்துப் பெற்ற பிள்ளை. புருஷன் இன்னாசித்தம்பி கடற்தொழில் செய்கிறவன். வீட்டில் பேச்சு முழுவதையும் பெண்சாதியிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருந்த மனிதன். எண்பத்தைந்தாம் ஆண்டு பங்குனி வெயிலில், கரையில் காயப்போட்ட கருவாட்டைப் புரட்டிக்கொண்டு நின்ற ஜசிந்தா திடீரென்று மணலில் விழுந்தாள். கைகால் இழுத்தது, வாயில் நுரை தள்ளியது, கண் மேலே செருகியது. பிள்ளைக்கு அப்போது ஒன்பது வயது. ஓடிவந்த சனம் கையில் இரும்புச் சாவியைத் திணித்தது. கோயில் தீர்த்தம் தெளித்தார்கள். யாரோ ஒருத்தி, "ஐயோ, காக்கை வலிப்பு! பொம்பிளைப் பிள்ளையல்லோ!" என்று வாய்விட்டுச் சொல்ல, அல்போன்சம்மா அவளை அடிக்கப் போய்விட்டாள். ஆனால் இரண்டு கிழமைக்குள் மறுபடியும் வந்தது. உள்ளூர் ஆஸ்பத்திரியில் கடிதத் துண்டெழுதி, யாழ்ப்பாணத்தில் பிள்ளைகளுக்கென்று நடக்கிற வலிப்புக் கிளினிக்குக்கு அனுப்பினார்கள்.

பஸ் சுருவில் சந்தியில் நின்றபோது ஏறியவளைப் பார்த்து அல்போன்சம்மாவுக்கு ஒரே புளுகம், அவ்வளவு சந்தோஷம். சறோஜினிதேவி! வவுனியாக் கச்சேரியில் அரசாங்க உத்தியோகம் பார்க்கிற குலசிங்கத்தாரின் பெண்சாதி. வயல், தோட்டம், பனங்காணி என்று பரம்பரையாக உள்ள குடும்பம். வருஷக்கணக்காக அல்போன்சம்மாவிடம் படலையில் நின்று மீன் வாங்குகிறவள். கூடவே மகன் தயாபரன், ஜசிந்தாவின் வயதுப் பொடியன், வகுப்பில் எப்போதும் முதலாம் பிள்ளை.

"சறோ அக்கா! எங்கை இந்தப் பக்கம்?"

"இவனுக்குக் கண் காட்டப் போறம்" என்று சொல்லிவிட்டுச் சறோஜினிதேவி யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மண்கும்பான் போய், பண்ணைப் பாலம் போய், பஸ்ஸை விட்டு இறங்கி ஆளுக்கொரு பக்கம் நடந்தார்கள். பிறகு பார்த்தால் கிளினிக்கில் காத்திருக்கிற நீள வாங்கில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில். சறோஜினிதேவிக்கு முகம் செத்துப் போய்விட்டது. அல்போன்சம்மா என்ன செய்தாள் தெரியுமோ? குரலைத் தணித்து, அவளுக்கும் குரலைத் தணிக்கத் தெரியும், "என்ரை பிள்ளைக்கும் இதுதானக்கா. நான் ஒருத்தருக்கும் மூச்சு விடமாட்டன்" என்றாள். சறோஜினிதேவியின் கண் கலங்கியது. சொன்னபடியே அவள் ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. ரகசியம் காப்பதில் அவள் கெட்டிக்காரி என்பதைப் பின்னால் நடந்ததும் காட்டியது.

கிளினிக் டொக்டர் நல்ல மனிதன். தாய்மாரை இருத்தி வைத்துப் பொறுமையாகக் கதைத்தார். "வலிப்புக்கு எங்களிட்டை ரெண்டு மருந்து இருக்கு. ஒண்டு இந்தச் சின்ன வெள்ளைக் குளிசை, மற்றது இந்தக் கப்சூல். ரெண்டும் வலிப்பை நிப்பாட்டும். ஆனால் புதுசா வருத்தம் வந்த பிள்ளையளுக்கு எது கூட நல்லம், எது குறையக் கெடுதல் செய்யும் எண்டு இன்னும் சரியாத் தெரியாது. அதுதான் சில பிள்ளையளுக்கு இதையும் சில பிள்ளையளுக்கு அதையும் குடுத்துப் பாக்கிறம். எங்கடை விருப்பத்துக்கு இல்லை, ஒட்டின கவரைத் திறந்தால் எது வருகுதோ அது. ஒவ்வொரு மாதமும் வந்து பிள்ளை எப்பிடி எண்டு எனக்குச் சொல்லவேணும். நல்லதைச் சொல்லாட்டிலும் காரியமில்லை, கெட்டதைச் சொல்லுங்கோ. சம்மதமோ?"

டொக்டர் கேட்டால் யார் சம்மதமில்லை என்பார்கள்? இரண்டு பேரும் தலையாட்டினார்கள். ஜசிந்தாவின் கவரில் கப்சூல் வந்தது. தயாபரனுக்கு வெள்ளைக் குளிசை.

திரும்பி வருகிற பஸ்ஸில் அல்போன்சம்மாவுக்கு அடக்க ஏலாமல் போய்விட்டது. "கேட்டியளே அக்கா, டொக்டருக்கே தெரியாதாம்! படிச்ச மனிசன், கோயில் லொத்தர் மாதிரிச் சீட்டிழுத்து மருந்து தாறார்!"

"மெல்லக் கதையும்" என்றாள் சறோஜினிதேவி. ஆனால் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சும்மா சொல்லக்கூடாது, மருந்து வேலை செய்தது. இரண்டு பிள்ளைகளுக்கும் வலிப்பு நின்றது. அதோடு இரண்டு தாய்மாருக்கும் ஒரு சிநேகிதம் முளைத்தது. மீன் கடகத்தை இறக்கி வைத்துவிட்டு அல்போன்சம்மா படலையடியில் கனநேரம் நிற்பாள். சறோஜினிதேவி உள்ளிருந்து மோர் கொண்டுவந்து, அவளுக்கென்று புறம்பாக வைத்திருந்த கிளாசில் ஊற்றிக் கொடுப்பாள். ஊர்காவற்றுறைக்கு அலுவலாக வந்தால் சறோஜினிதேவியும் அல்போன்சம்மாவின் கரை வீட்டு வாசல்வரை வருவாள். ஆனால் உள்ளே வரமாட்டாள், கதிரையில் இருக்கமாட்டாள், ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கமாட்டாள். "தேத்தண்ணி ஊத்தட்டே அக்கா?" என்றால், "இப்பதான் குடிச்சிட்டு வந்தனான்" என்பாள். அந்த வீட்டு மீன் அவர்களுக்கு ஆகும், அந்த வீட்டுத் தண்ணீர் ஆகாது. பரம்பரை பரம்பரையாக வந்த பழக்கம், அல்போன்சம்மாவும் அதைப் பெரிதாக எடுத்ததில்லை. எடுத்ததில்லை என்றுதான் அவளும் நினைத்திருந்தாள்.

மாதங்கள் போகப் போக இரண்டு மருந்தும் தங்கள் குணத்தைக் காட்டத் தொடங்கின. ஜசிந்தாவின் பல் முரசு, அதுதான் ஈறு, தடித்து வீங்கி, பல்லுக்கு மேலே இறங்கி வந்தது. மேல் உதட்டிலும் கையிலும் மெல்லிய மயிர் அரும்பியது. கோயிலில் புதுநன்மை, முதல் நற்கருணை, வாங்கிய நாளில் எடுத்த படத்தில் சிரித்த முகமாக இருந்த பிள்ளை, இப்போது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பள்ளிக்கூடத்தில் பெட்டைகள் நெளித்துக் காட்டிச் சிரித்தார்கள். அல்போன்சம்மா கணக்குப் போட்டுப் பார்த்தாள். வலிப்பு என்ற பேச்சு வெளியே வராமல் எப்படியாவது மூடிவிடலாம், முகத்தை எதைக் கொண்டு மூடுவது? நாளைக்கு இவளை எவன் கட்டுவான்?

தயாபரனோ வகுப்பில் நித்திரை தூங்கினான். நித்திரை போனால் குழப்படி. கொப்பியைக் கிழித்தான், மற்றப் பொடியனைக் கடித்தான், அதட்டினால் திருப்பி அடித்தான். வாய்ப்பாடு எல்லாம் தண்ணிபட்ட பாடாகச் சொன்ன பிள்ளை இப்போது பேந்தப் பேந்த விழித்தான். அடுத்த வருஷம் புலமைப்பரிசில் சோதனை. சறோஜினிதேவி அந்தச் சோதனையைத்தான் கண்ணாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதையெல்லாம் டொக்டரிடம் சொன்னார்களா? அதுதான் இல்லை! எங்கள் தீவுச் சனத்தின் பெரிய மரியாதை அது. பெரியவர் ஒருவர் "எப்பிடி?" என்று கேட்டால் "நல்ல சுகம்" என்றுதான் சொல்லவேண்டும். அவர் தந்த மருந்தைக் குறை சொன்னால் அவரையே குறை சொன்னது போல. டொக்டர் ஒவ்வொரு மாதமும் கேட்பார், "நித்திரை எப்பிடி? படிப்பு எப்பிடி? வாய், தோல் ஏதும் வித்தியாசமோ?" சறோஜினிதேவி கைகட்டி நின்று, "குறையொண்டுமில்லை ஐயா" என்பாள். ஊர் முழுக்க வாயடிக்கிற அல்போன்சம்மாவும், "உங்கடை புண்ணியத்தில நல்ல சுகம் ஐயா" என்பாள். ஜசிந்தா அம்மா சொல்லிக் கொடுத்தபடி வாயை இறுக்கி மூடிக்கொண்டு நிற்பாள். வாசலில் சனம் நெருக்கும். அவர் எழுதிக்கொண்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிடுவார்.

டொக்டரிடம் சொல்லாததைப் படலையில் நின்று இரண்டு பேரும் விலாவாரியாகக் கதைத்தார்கள். அவர் ஒப்பிட்டுப் பார்த்தது எந்த மருந்து வலிப்பை நிறுத்துகிறது என்று. இவர்கள் ஒப்பிட்டுப் பார்த்தது வேறு.

"அக்கா, உங்கடை பொடியன்ரை முரசு ஒண்டும் வீங்கேல்லையே?"

"இல்லை. உம்மடை பெட்டை வகுப்பில நித்திரை கொள்ளுறவளோ?"

"சீ, அவள் பாடமெல்லாம் துள்ளித் துள்ளிச் சொல்லுறாள்."

அல்போன்சம்மாதான் வாய் திறந்தாள். "அப்ப மாத்திப் போட்டால் என்ன? பொடியனுக்குப் படிப்பு வேணும், வடிவு என்னத்துக்கு? பெட்டைக்கு முகம் வேணும், கொஞ்சம் நித்திரை கொண்டால் கொள்ளட்டன். ரெண்டும் வலிப்பு மருந்துதானே. டொக்டரே சீட்டிழுத்துத்தானே தந்தவர்?"

சறோஜினிதேவிக்கு வேறு என்ன பயம் இருந்தாலும் சோதனைப் பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. அடுத்த கிளினிக்கில் மருந்து கிடைத்ததும் மாற்றிக்கொள்வது என்று முடிவாயிற்று. தண்ணீர் வாங்கிக் குடிக்காத கையிலிருந்து பிள்ளைக்கு மருந்து வாங்கச் சம்மதித்தாள் அந்த மனிசி. அவ்வளவு நம்பிக்கை.

அந்த மாதம் பார்த்து சறோஜினிதேவியின் மாமியார் காலமானார். வீட்டில் துடக்கு. முப்பத்தொன்றாம் நாள் கழியுமுன் பெண்கள் வெளிக்கிடுவது வழக்கமில்லை. ஆகவே தயாபரனையும் அவனுடைய கிளினிக் துண்டையும் அல்போன்சம்மாவோடு அனுப்பிவைத்தாள்.

டொக்டர் வழக்கம்போலக் கேட்டார். இவளும் இரண்டு பிள்ளைக்கும் சேர்த்து நல்ல சுகம் சொன்னாள். மருந்து வாங்கிக்கொண்டு வெளிக்கிடுகையில் நேர்ஸ் மேரிறோஸ் கூப்பிட்டாள். கண்டிப்பான மனிசி, பிள்ளைகள் அவளைக் கண்டால் அழுகையை நிறுத்திவிடுவார்கள்.

"தாய் வரேல்லையோ? அப்ப நீர் போய்ச் சொல்லும். இந்த வெள்ளைக் குளிசையை ஒரு நாளும் சடுதியா நிப்பாட்டக் கூடாது. போன கிழமை ஒரு வீட்டில மருந்து முடிஞ்சுதெண்டு விட்டுப்போட்டு, பிள்ளைக்கு வலிப்பு நிக்காமல் வந்து பெரிய கரைச்சலாப் போச்சு. நிப்பாட்டுறதெண்டால் முழுசு, அரை, கால் எண்டு கன நாளெடுத்துக் குறைச்சுத்தான் நிப்பாட்டவேணும். தாயிட்டை மறக்காமல் சொல்லும். விளங்கிச்சோ?"

"ஓம் நேர்சம்மா, விளங்கிச்சு."

விளங்கத்தான் செய்தது. பஸ்ஸில் ஒரு பக்கம் தயாபரன் சாய்ந்து நித்திரை. மறுபக்கம் ஜசிந்தா வாயைப் பொத்திக்கொண்டு யன்னலுக்கு வெளியே பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தாள். பையில் இரண்டு மருந்தும். அல்போன்சம்மா யோசித்தாள். இதைச் சொன்னால் சறோ அக்கா பயந்துபோவா. மாத்துறது வேண்டாம் எண்டிடுவா. அப்ப என்ரை பிள்ளை இப்பிடியே வாயைப் பொத்திக்கொண்டு திரியிறதோ? நேர்சுமார் நூறு சொல்லுவினம். அவ சொன்னது நிப்பாட்டுறவைக்கு. இவன் எங்கை நிப்பாட்டுறான்? ஒண்டுக்குப் பதில் இன்னொண்டு குடிக்கப் போறான். அது எப்பிடி நிப்பாட்டுறதாகும்?

இப்படி யோசித்து யோசித்து மண்கும்பான் வரும்போது அரைவாசி நம்பிவிட்டாள். மற்ற அரைவாசிதான் பிறகு அவளை வாழ்நாள் முழுக்கத் தின்றது. சுருவிலில் இறங்கி, துடக்கு வீட்டுப் படலைக்கு வெளியே நின்று, கப்சூல் பையை நீட்டினாள்.

"நேர்சுமார் ஏதும் சொன்னவையோ?" என்று சறோஜினிதேவி கேட்டாள். கேட்டாள்! கேட்காமல் இருந்திருந்தாலும் தப்பிக்க ஒரு சாட்டு இருந்திருக்கும்.

"ஒண்டுமில்லையக்கா. ஒழுங்காக் குடுக்கட்டாம்."

ஒரு கிழமைகூட ஆகவில்லை. காலையில் மீன் கடகத்தோடு சுருவில் ஒழுங்கைக்குள் அவள் கூவிக்கொண்டு நுழைய, சறோஜினிதேவியின் வீட்டிலிருந்து பெரிய சத்தம். கடகத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். படலை தாண்டி, முற்றம் தாண்டி, ஒருநாளும் கால் வைத்திராத, சமைக்கிற குசினிக்குள் போய் நின்றாள். யாரும் அதைக் கவனிக்கவில்லை. தயாபரன் நிலத்தில் கிடந்து இழுத்துக்கொண்டிருந்தான். ஒன்று அடங்க அடுத்தது, அது அடங்க அடுத்தது. பிள்ளைக்குக் கண் திறக்க இடைவெளி இல்லை. உதடு நீலம் பாரித்திருந்தது.

"நிக்குதில்லையே, அல்போன்சம்மா, நிக்குதில்லையே!" என்று தாய் கத்தினாள்.

நேர்ஸ் சொன்ன அதே சொல். அல்போன்சம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அயல்வீட்டுக் காரில் ஏற்றி யாழ்ப்பாணம் கொண்டு போனார்கள். சண்டைக் காலமாக இருந்தும் அன்றைக்குப் பாதையில் ஒரு தடையும் இருக்கவில்லை, அதைக் குறை சொல்லவும் வழியில்லை. ஊசி மேல் ஊசி போட்டு ஒருவாறு நிறுத்தினார்கள். ஆனால் பிள்ளை பல நாள் கண் திறக்கவில்லை. திறந்தபோது அது பழைய தயாபரன் இல்லை. ஒரு பக்கக் காலும் கையும் இழுத்துக்கொண்டன. வாயில் பேச்சில்லை, அம்மா என்ற சொல்கூட இல்லை.

வார்ட்டில் டொக்டர், "குளிசை ஒழுங்காக் குடுத்தனீங்களா அம்மா?" என்று கேட்டார்.

"ஓம் ஐயா. ஒரு நாளும் தவறேல்லை" என்றாள் சறோஜினிதேவி, நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

விறாந்தையில் மேரிறோஸ் அல்போன்சம்மாவை மறித்தாள். "நான் சொன்னதைத் தாயிட்டைச் சொன்னனீர்தானே?"

இந்த இடத்திலாவது சொல்லியிருக்கலாம். "ஓம் நேர்சம்மா, அண்டைக்கே சொன்னனான்" என்றாள். அன்றிலிருந்து மேரிறோஸ் சறோஜினிதேவியைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. சொல்லியும் கேட்காத தாய் என்ற பார்வை. அந்தப் பார்வை எதற்கென்று பாவி மனிசிக்கு விளங்கவேயில்லை.

சறோஜினிதேவி அவளை ஒரு தூணடிக்கு இழுத்துக்கொண்டு போய்க் கையைப் பிடித்தாள். "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும். இவருக்குத் தெரிஞ்சால் என்னைக் கொன்றுபோடுவார். என்ரை விதி. நாங்கள் என்னத்தைக் கண்டம், தெரியாமல்தானே செய்தனாங்கள்."

நாங்கள் என்றாள். அல்போன்சம்மா, "ஓம் அக்கா" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அவளுக்கு அடுத்த பயம் பிடித்தது. ஜசிந்தா இப்போது வெள்ளைக் குளிசையில் அல்லவா இருக்கிறாள்! இனி அந்தக் குளிசை கிடையாது, கையில் இருப்பது அந்த மாதத்து மிச்சம். கப்சூலைத் திரும்பத் தொடங்கிவிட்டு, வெள்ளைக் குளிசையை மீன் வெட்டுகிற கத்தியால் வெட்டினாள். முதலில் முழுசு. பிறகு அரை. பிறகு கால். துகள்கூட வீணாகாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினாள். நேர்ஸ் சொன்ன சொல்லில் ஒரு எழுத்துத் தப்பவில்லை.

கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த இன்னாசித்தம்பி நிமிர்ந்து பார்த்தான்.

"உப்பிடி வெட்டிக் குறைக்கச் சொல்லி ஆர் சொன்னது?"

"கிளினிக் நேர்ஸ்."

"எப்ப?"

கத்தி நின்றது. வாய்க்காரி அல்போன்சம்மா புருஷனுக்குப் பதில் சொல்லாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. அவன் வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு கரைக்கு இறங்கிப் போனான். அதைப் பற்றி அவன் மறுபடி வாய் திறக்கவில்லை. பேசியிருந்தால், ஏசியிருந்தால், இரண்டு அடி போட்டிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஜசிந்தாவுக்கு ஒன்றும் நடக்கவில்லை.

கோயிலில் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து, நடந்த பாவத்தைச் சொன்னாள். "அந்தத் தாயிட்டைப் போய்ச் சொல்லு பிள்ளை, அதுதான் உனக்குத் தபசு" என்றார் சுவாமியார். அவள் போகவில்லை. அடுத்த முறை அந்தச் சுவாமியாரிடம் போக வெட்கமாக இருந்ததால் அயல் பங்குக் கோயிலுக்குப் போனாள். அங்கே இருந்தவர் வயதானவர், காது கொஞ்சம் மந்தம். அங்கே சொல்லுவதும் சுகம், தபசும் சின்னது. சிரிக்கவேண்டாம், அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

முரசு மறுபடி வீங்கியது. இந்த முறை அவளுக்கு மரியாதையும் இல்லை, பயமும் இல்லை. கிளினிக்கில் டொக்டருக்கு முன்னால் ஜசிந்தாவின் வாயைத் தானே திறந்து காட்டினாள். டொக்டர் பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

"அட, இதை ஏனம்மா இவ்வளவு நாளும் சொல்லேல்லை? இதைக் கேக்கத்தானே மாதம் மாதம் வரச் சொல்லுறன். வேற மருந்து இருக்கு, ரெண்டு மாதமெடுத்து மெல்ல மாத்திவிடலாம். பிள்ளையைப் பாழாக்கிப்போட்டு மருந்தைக் காப்பாத்தி எனக்கு என்ன வரப்போகுது?"

அவளுக்கு அந்த மேசையில் தலையை அடிக்கவேண்டும் போல இருந்தது. இவ்வளவு சுலபமா? வாயைத் திறந்து காட்டினால் போதுமா? பொடியனுக்கு நித்திரை, குழப்படி என்று தாய் ஒரு சொல் சொல்லியிருந்தால், அவனுக்கும் இதே மேசையில் வைத்து இதே மனிதன் மாற்றிக் கொடுத்திருப்பாரே!

டொக்டர் விடவில்லை. "எண்டாலும் உம்மடை மகளுக்குக் கப்சூல் வலிப்பை வடிவாக் கட்டுப்படுத்தினது. அந்தச் சுருவில் பொடியனுக்கு வெள்ளைக் குளிசை கைவிட்டிட்டுது. உங்களை மாதிரி ஆக்கள் ஒழுங்கா வந்தபடியால்தான் எங்களுக்கு இதெல்லாம் தெரியவருது" என்றார். அவள் தலை குனிந்து, "ஓம் ஐயா" என்றாள். கைவிட்டது எது என்று அந்த அறையில் அவளுக்கு மட்டுந்தான் தெரியும். டொக்டருடைய ஒப்பீட்டில் இரண்டு பிள்ளைகளும் ஆள்மாறிக் கிடந்தார்கள். இன்னும் எத்தனை பிள்ளைகளுக்கு அதை வைத்து மருந்து கொடுத்தாரோ, அந்த எண்ணமும் அவளைப் பிடித்துக்கொண்டது.

அதற்குப் பிறகும் சுருவிலுக்கு மீன் கொண்டு போனாள். சறோஜினிதேவியின் வீட்டுக்கு நல்ல மீனாகப் பொறுக்கி வைப்பாள், முள் இல்லாததாகப் பார்த்துத் தானே துண்டு போட்டுக் கொடுப்பாள். தயாபரனுக்கு ஊட்ட வசதியாக இருக்கட்டும் என்று. சறோஜினிதேவி அதை அன்பென்று எடுத்துக்கொண்டாள். அன்புதான், இல்லையென்று சொல்லமுடியாது. ஆனால் அன்பு மட்டும் இல்லை.

தொண்ணூறாம் ஆண்டு, இந்தியப் படை போய், அடுத்த சண்டை தொடங்குமுன் கொஞ்சம் மூச்சுவிட்ட நாட்களில், குலசிங்கத்தாருக்குக் கொழும்புக்கு மாற்றம் வந்தது. பொடியனை அங்கே பெரிய டொக்டர்மாருக்குக் காட்டலாம் என்று குடும்பத்தோடு வெளிக்கிட்டார்கள். போவதற்கு முதல் நாள் மத்தியானம், கரையில் ஒரு கார் வந்து நின்றது. சறோஜினிதேவி தயாபரனைக் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டு வந்தாள். வாசலில் நிற்கவில்லை. நேரே உள்ளே வந்து, மகனை ஒரு கதிரையில் இருத்தி, தானும் ஒன்றில் இருந்தாள். அல்போன்சம்மா கை கழுவக்கூட மறந்து, செதிள் ஒட்டிய கையோடு நின்றாள்.

"சொல்லாமல் போக மனம் வரேல்லை" என்றாள் சறோஜினிதேவி. தலை பாதி நரைத்திருந்தது. "உமக்கு ஒண்டு சொல்லவேணும். அந்த நேர்ஸ் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்புவா. இவரின்ரை ஆக்களும் என்னைத்தான் குத்திக் கதைக்கினம். இந்த உலகத்தில என்னைக் குற்றவாளி மாதிரிப் பாக்காத ஒரே ஆள் நீர்தான். எனக்கும் தெரியாது, உமக்கும் தெரியாது. தெரிஞ்சால் செய்திருப்பமே? மருந்தைச் சடுதியா மாத்தக்கூடாதெண்டு பிறகுதானே அறிஞ்சன். ஆராவது ஒருத்தர், ஒரு சொல்லு, சடுதியா மாத்தாதை எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால்..."

அல்போன்சம்மாவின் வாய் திறந்தது. சொல்ல நினைத்தது நாக்கு நுனியில் நின்றது. அக்கா, சொன்னவை. என்னட்டைச் சொன்னவை. நான்தான்...

"பிள்ளை, கொஞ்சம் தண்ணி தாரும்" என்றாள் சறோஜினிதேவி, உள்ளே நின்ற ஜசிந்தாவைப் பார்த்து. "இவனுக்குக் குளிசை குடுக்கிற நேரம்."

ஜசிந்தா கிளாசில் தண்ணீர் கொண்டுவந்தாள். பதினாலு வயது, வளர்ந்து அம்மாவின் உயரத்துக்கு வந்துவிட்டாள். வலிப்பு வந்து வருஷக்கணக்காகிவிட்டது. முரசு வற்றி, பல்வரிசை அளந்து வைத்தது போல இருந்தது. தயாபரனைப் பார்த்து வாயைப் பொத்தாமல் சிரித்தாள். அவனும் பதினாலு வயது. அவன் அவளுடைய முகத்தையே பார்த்து, ஒரு பக்கமாக வாய் கோணச் சிரித்தான். கடைவாயால் எச்சில் வடிந்தது. சறோஜினிதேவி அதைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, குளிசையை அவனுடைய நாக்கில் வைத்து, மெல்ல மெல்லத் தண்ணீர் பருக்கினாள்.

பிறகு கிளாசில் மிஞ்சிய தண்ணீரைத் தான் குடித்தாள். அண்ணாந்து ஊற்றவில்லை, கிளாசில் வாய் வைத்து, கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

அல்போன்சம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருஷம் வாசலில் நின்று இப்பதான் குடிச்சிட்டு வந்தனான் என்று சொன்ன மனிசி, இன்றைக்கு நம்பிக்கையோடு இந்த வீட்டுத் தண்ணீரைக் குடிக்கிறாள். இப்போது சொன்னால் அது அவளுடைய வயிற்றில் என்னவாகும்? இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போது?

வெளியே காரின் ஹோன் சத்தம் கேட்டது. சறோஜினிதேவி கிளாசை நீட்டினாள்.

"எங்கடை கிணத்துத் தண்ணி உவரக்கா" என்றாள் அல்போன்சம்மா. அவளுடைய வாயிலிருந்து வந்தது அவ்வளவுதான்.

"அதுக்கென்ன, நல்லாத்தான் கிடக்கு" என்று சொல்லி, சறோஜினிதேவி மகனைத் தூக்கி நிறுத்தினாள்.